பில் இல்லாமல் வாங்கிய பெட்டி



2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆராதனை முடிந்து, வாலிபர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மும்பை மழை கூரைத் தகட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் எங்கள் சபையின் விசுவாசி ஒருவர், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் மேஜையின்மேல் வைத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புக்காக வந்தவர். அந்தேரியில் ஒரு பட்டறையில் இயந்திரம் ஓட்டுகிறவர். அவர் மனைவி ஏற்றுமதி ஆடை நிறுவனமொன்றில் பொத்தான் தைக்கிறார். இருவரும் காணிக்கையிலும் உபவாச ஜெபத்திலும் பின்வாங்காதவர்கள்.

“பாஸ்டர் ஐயா, இதற்காக ஜெபம்பண்ணுங்கள்” என்றார். பெட்டிக்குள் இருந்தது வீடியோ கேம் விளையாடும் கன்சோல். அதன்மேல் கை வைத்து ஜெபிக்கவேண்டுமோ என்று நான் திகைத்து நிற்கையில், அவர் அழத் தொடங்கினார்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வில் எண்பது விழுக்காட்டுக்குமேல் எடுத்தால் வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பையன் எண்பத்து மூன்று எடுத்தான். இருவரும் நகரத்து மின்னணுச் சந்தை ஒன்றிலுள்ள சிறிய கடைக்குப் போனார்கள். “புதியதுதான், சோதித்துப் பார்க்க மட்டும் பெட்டியைத் திறந்தோம்” என்று சொல்லி, கடைக்காரர் ஒரு பிளேஸ்டேஷன் 4 கன்சோலை எடுத்து வைத்தார். விலை 19,500 ரூபாய். “பில் போட்டால் ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும்; பில் வேண்டாம் என்றால் இதே விலையில் பத்து கேம்களை உள்ளே ஏற்றித் தருகிறேன்” என்றார். பத்து கேம் இலவசம் என்றதும் பையனின் முகம் மலர்ந்தது. தகப்பனார் சம்மதித்தார். 8,000 ரூபாயை மனைவியின் கைப்பேசியிலிருந்து யு.பி.ஐ. வழியாகவும், மீதியை ரொக்கமாகவும் செலுத்தினார்.

பத்தொன்பது நாட்கள் அது ஓடியது. இருபதாம் நாள் விமானம் எழும்புவதைப்போல இரைந்து அணைந்துபோனது. பழுது பார்க்க எடுத்துச் சென்ற இடத்தில்தான் உண்மை வெளிவந்தது. அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த வரிசை எண் ஒன்று; இயந்திரத்தின் அடியில் இருந்த எண் வேறொன்று. யாரோ பல வருடம் பயன்படுத்திய பழைய கன்சோலைத் துடைத்து வேறொரு பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள். அதன் உள் மென்பொருளும் உடைக்கப்பட்டிருந்தது. வாலிபர்கள் இதை ஜெயில்பிரேக் என்கிறார்கள். அந்தப் பத்து இலவச கேம்களும் திருட்டுப் பிரதிகள். இப்படிப்பட்ட பெட்டிக்குக் கம்பெனி உத்தரவாதம் கிடையாது. கடைக்குத் திரும்பிப் போனபோது, “ஒரு வாரம்தான் கடை வாரண்டி. விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதில்லை. இங்கேதான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் அழுததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. பெட்டி அணைந்துபோன இரவில், மகன்தான் ஏதோ செய்து கெடுத்துவிட்டான் என்று எண்ணி, அவனை இடைவாரால் அடித்துவிட்டார். பையன் அதன்பின் அவரோடு பேசவில்லை. இரண்டு ஞாயிறுகளாக ஆலயத்துக்கும் வரவில்லை.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் நான் அறிக்கையிடவேண்டும். அவர் சொல்லி முடித்தவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “உலகப்பிரகாரமான காரியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தீர்களே, அதனால்தான்” என்பதே. வேதாகமக் கல்லூரியில் மூன்று வருடம் ஆலோசனை ஊழியம் படித்தவன் நான்! தேநீர் கொண்டுவந்த என் துணைவியார் அதைக் கேட்டுவிட்டு, “அவர் ஏமாற்றப்பட்டு வந்திருக்கிறார். கள்ளர் கையில் அகப்பட்டவனைப் பார்த்து எரிகோவுக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்களா?” என்றார். நான் வாயடைத்துப்போனேன். பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடலாமா, எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை வேறொரு மாதத்தில் எழுதுகிறேன். இன்றைக்கு நான் எழுத வந்தது தராசைப் பற்றி.

அன்றிரவு தொடங்கி இந்த வியாபாரத்தைப் பற்றி வாலிபர்களிடம் விசாரித்தும் வாசித்தும் பார்த்தேன். ஏமாந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. உலகமெங்கும் வீடியோ கேம் கடைகளைக் குறித்து ஒரேவிதமான முறையீடுகள் பல ஆண்டுகளாக எழும்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் கடைகளின் பெரிய ஆதாயம் பழைய சரக்கில்தான் இருக்கிறது. ஒரு வாலிபன் தான் விளையாடி முடித்த டிஸ்க்கைக் கொண்டுவந்தால் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு, அதையே புதியதன் விலையைவிடச் சற்றுக் குறைத்து இன்னொருவனுக்கு விற்கிறார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பழைய புத்தகக் கடையும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பழையதற்கும் புதியதற்கும் நடுவிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் கேம்ஸ்டாப் என்னும் பெரிய கடைத்தொடர் உண்டு. புதிதாக வந்த கேமின் உறையைப் பிரித்து, டிஸ்க்கை மேஜைக்குப் பின்னால் பத்திரப்படுத்தி, வெற்று உறையை அலமாரியில் காட்சிக்கு வைப்பது அங்கே வழக்கம். திருட்டைத் தடுக்கவே இப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். கடைசியாக அந்தப் பிரித்த பிரதி மட்டும் மிஞ்சும்போது, அதையும் முழு விலைக்குப் புதியது என்றே விற்பார்கள். உறை பிரிந்தது புதியதா என்று வாங்குகிறவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுவந்தார்கள். 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது. டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் என்னும் கேமின் கம்ப்யூட்டர் பதிப்போடு, அதே கேமை இணையம் வழியாக இலவசமாக விளையாடுவதற்கு ஆன்லைவ் என்னும் வேறொரு நிறுவனத்தின் கூப்பனும் உறைக்குள் இருந்தது. போட்டி நிறுவனத்தின் கூப்பனை நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்று எண்ணிய கேம்ஸ்டாப், உறைகளைத் திறந்து கூப்பனை எடுத்துவிட்டு விற்கும்படி தன் ஊழியருக்குக் கட்டளையிட்டது. செய்தி வெளிவந்தவுடன் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்தச் சரக்கை அலமாரியிலிருந்து விலக்கி, மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டையும் கொடுக்க நேர்ந்தது.

கூப்பன் சிறிய காகிதம்தான். ஆனால் முத்திரையிட்ட பெட்டிக்குள் தயாரித்தவன் வைத்த ஒன்றை, வாங்குகிறவனுக்குச் சொல்லாமல் இடையிலிருந்தவன் எடுத்துவிட்டான். எப்பாவைச் சிறிதாக்கிச் சேக்கலைப் பெரிதாக்கின சமாரியா வியாபாரிகளை ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் வாசியுங்கள். ஓய்வுநாள் எப்பொழுது முடியும், கடையை எப்பொழுது திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். தானியத்தோடு பதரையும் சேர்த்து விற்றவர்கள்.

பதர் என்றதும் ஒரு பழைய நினைவு வருகிறது. தொண்ணூறுகளில் டி.வி.யோடு இணைத்து விளையாடும் மலிவான பெட்டிகள் நம் தெருக்களிலெல்லாம் விற்கப்பட்டன. அதில் சொருகும் கேசட்டின்மேல் 9999 கேம்கள் அடங்கியது என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கிப்போய்ப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு கேம்களே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். இன்று நாற்பது வயதைத் தாண்டிய நம் சகோதரர்கள் பலர் அதில் ஏமாந்தவர்களே. சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார்கள். ஏமாற்றத்தைச் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளப் பிள்ளைப் பருவத்திலேயே நாம் பழகிவிட்டோம் போலும்.

நம் தேசத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 49,990 ரூபாய். ஜனவரியில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. அதன்பின் நெடுநாள் தட்டுப்பாடு நீடித்தது. அந்தக் காலத்தில், கன்சோல் வேண்டுமானால் இன்னொரு கன்ட்ரோலரையும் இத்தனை கேம்களையும் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்று சில கடைகள் நிர்ப்பந்திப்பதாக வாங்குகிறவர்கள் முறையிட்டார்கள். அச்சிட்ட விலைக்குமேல் பல ஆயிரம் கூட்டிக் கேட்கிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. வேறு தேசத்திலிருந்து அதிகாரபூர்வமற்ற வழியில் கொண்டுவந்த பெட்டிகளை விற்று, பழுதானால் இங்கே உத்தரவாதம் இல்லை என்பதை மறைப்பதும் உண்டு. பழைய டிஸ்க்கின் உறைக்குள் ஒரேமுறை பயன்படும் குறியீட்டு எண் இருக்கும். முந்தினவன் அதை ஏற்கெனவே செலவழித்திருப்பான். வாங்கினவனுக்கு வீட்டுக்குப் போனபின்தான் தெரியும்.

பிரியமானவர்களே, கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் வெளியே போய்விட முடியாது. நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை, கள்ளத்தராசைக் குறித்ததை, நாம் எல்லாரும் மனப்பாடமாய் அறிவோம். 20ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தைக் குறித்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? அது வாங்குகிறவனைப் பற்றியது. சரக்கு மட்டமானது என்று கடையில் குறைசொல்லி விலையைக் குறைத்துவிட்டு, தெருவுக்கு வந்தவுடன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் மனுஷன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பில் வேண்டாம் என்று நம் சகோதரர் சொன்ன அந்த நிமிஷத்தில், அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய வரியை மறைப்பதில் கடைக்காரருக்குக் கூட்டாளியானார். பத்து கேம் இலவசம் என்றபோது, அதை உண்டாக்கினவர்களின் கூலியை அபகரிப்பதிலும் பங்காளியானார். பதிப்புரிமையை மீறிய கம்ப்யூட்டர் மென்பொருள் என்று அறிந்தே பயன்படுத்துவதையும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. ஆலயத்தின் ஒலிபெருக்கி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும், உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் உள்ள மென்பொருட்கள் எல்லாம் பணம் கொடுத்து வாங்கினவைதானா? எங்கள் சபையில் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில்தான் சரிசெய்தோம்.

ஆனால் ஒன்று. வாங்குகிறவன் செய்த தவறு விற்கிறவனின் வஞ்சகத்தை நியாயப்படுத்தாது. சகேயு தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தபோது, கொடுத்தவர்கள் எல்லாரும் உத்தமர்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

ஜெபிப்போம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பணத்தை மறந்துவிடுவதே ஆவிக்குரிய வழி என்று நம்மில் அநேகர் நினைக்கிறோம். நம் சகோதரரும் அப்படித்தான் சொன்னார். அவருடைய மனைவியோ, ஒன்றாம் கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை நினைப்பூட்டி, விசுவாசி வழக்காடலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பவுல் கண்டிப்பது, சபைக்குள் சகோதரனுக்கும் சகோதரனுக்கும் உண்டான வழக்கை வெளியே கொண்டுபோவதை. அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில், விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் தங்களை இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று நின்றார். செசரியாவில் இராயனிடத்துக்கே தம் வழக்கைக் கொண்டுபோனார். ரோமக் குடியுரிமை அவருக்குக் கையிலிருந்த ஒரு சாதனம். அதை உபயோகிக்க அவர் வெட்கப்படவில்லை. நமக்கு இருப்பது இந்தியக் குடியுரிமை. வேறு மாநிலத்தில் வாழ்கிறோம், பாஷை சரியாக வராது, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கி ஒதுங்கியே நம் ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

வேதத்தில் பில் உண்டா என்று ஒரு வாலிபன் வேடிக்கையாகக் கேட்டான். உண்டு என்றேன். எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றிக்கை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நெருக்கடியிலும் தம் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேலிடம் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், கையெழுத்துப் போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். பத்திரம் இரண்டு பிரதி: ஒன்று முத்திரையிட்டது, மற்றது திறந்தது. இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்து நெடுநாள் காக்கும்படி பாருக்கின் கையில் ஒப்புவிக்கிறார். விற்றவர் அந்நியரல்லவே, சொந்த இரத்தம், தேசமோ அழியப்போகிறது. அப்படியிருந்தும் அவர் பத்திரம் வாங்காமல் விடவில்லை. ஆபிரகாமும் மக்பேலா குகையை எப்பெரோன் சும்மா தருவதாகச் சொன்னபோது அப்படி ஏற்றுக்கொள்ளாமல், ஏத்தின் புத்திரருக்கு முன்பாக 400 சேக்கலை நிறுத்துக் கொடுத்தார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்காத மனுஷன்!

சரி, நம் தேசத்தின் சட்டம் என்ன சொல்லுகிறது? 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளுக்கு ரசீது கொடாமலிருப்பதையே இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது: ரசீதில் எழுதிய காலத்துக்குள் திரும்ப எடுக்கவேண்டும்; அப்படி ஒரு காலம் எழுதப்படாதிருந்தால் 30 நாட்களுக்குள். ஆகவே, விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று கடைச் சுவரில் தொங்கும் பலகையைக் கண்டு பயப்படவேண்டாம். பழுதுள்ள பொருளுக்கு அந்தப் பலகை கேடயமாகாது. ஒரு பொருளை வாங்கவேண்டுமானால் வேறொன்றையும் கட்டாயமாக வாங்கவேண்டும் என்று நிபந்தனை போடுவதை இதே சட்டம் தடைசெய்யும் வணிக முறை என்கிறது. கன்சோலோடு வேண்டாத கேம்களைத் தலையில் கட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

பெட்டியின்மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதன்மேல் ஜி.எஸ்.டி. தனி என்று ஒருவர் கேட்டால் அவர் பொய் சொல்லுகிறார். இறக்குமதியான பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் அச்சாகியிருக்கவேண்டும். இல்லையென்றால் அது எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். இவற்றைக் கண்காணிப்பது சட்டமுறை எடையளவுத் துறை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் படியும் தராசும் இன்றைக்கு ஒரு அரசு அலுவலகத்தின் வேலையாக இருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

முறையிடுவதும் கடினமல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அவர்கள் வழக்குக்கு முந்தின நிலையில் சமரசம் செய்யப் பார்ப்பார்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டின் சட்டம் தந்த சலுகை. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். இப்பொழுது இ-ஜாக்ருதி என்ற இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு அனுப்பலாம்.

ஆனால் நம் சகோதரரிடம் பில் இல்லையே! நாங்கள் உட்கார்ந்து கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். 8,000 ரூபாய் யு.பி.ஐ.யில் போன பதிவு அவர் மனைவியின் கைப்பேசியில் இருந்தது. கடையின் விலாச அட்டை பையனின் புத்தகப் பைக்குள் கிடந்தது. கேம் ஒன்று திறக்கவில்லை என்று பையன் கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், அதற்குக் கடைக்காரர் அனுப்பிய குரல் பதிலும் அழியாமல் இருந்தன. பட்டியலைப் பாருங்கள்: இதில் முக்கால் பங்கு பையனிடம்தான் இருந்தது. அவனிடம் பேசாமல் காரியம் நடவாது.

தகப்பனார் என்னை அவனிடம் பேசச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அடித்தவர் நானல்ல. செவ்வாய்க்கிழமை இரவு அவரே போய், படித்துக்கொண்டிருந்த மகனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “நீ கெடுக்கவில்லை, கெட்டதைத்தான் நான் வாங்கித் தந்தேன். விசாரியாமல் அடித்தது என் தப்பு” என்று சொன்னாராம். பையன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “அப்பா, வரிசை எண்ணை அன்றைக்கே நான் பார்த்திருக்கவேண்டும்” என்றானாம். மூன்று வாரத்துக்குப்பின் அவன் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். எனக்கு இந்தி பிரசங்கம் செய்யும் அளவுக்கு வரும். சண்டை போடும் அளவுக்கு வராது. தகப்பனாருக்கு அதுவும் இல்லை. பையன்தான் பேசினான். சத்தம் போடாமல், வரிசை எண்கள் இரண்டையும் படம் எடுத்ததைக் காட்டி, 30 நாள் விதியைச் சொன்னான். கடைக்காரர் எங்களை வெளியே போகச் சொன்னார். 1915 எண்ணில் புகாரைப் பதிவுசெய்தோம். சிறிய கடையாதலால் அங்கே உடனடிப் பலன் கிடைக்கவில்லை. ஆணையத்துக்குப் போகலாம் என்று வழி சொன்னார்கள். ஆகவே எல்லா விவரங்களையும் ஒரே பக்கத்தில் எழுதி, 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் மனு செய்வோம் என்று பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். அதைத் தட்டச்சு செய்ததும் பையனே.

அந்த வரைவில் பையன் ஒரு வரியைச் சேர்த்திருந்தான். உள்ளே ஏற்றப்பட்டிருந்த பத்து கேம்களும் திருட்டுப் பிரதிகள் என்று அறிந்தே நாங்கள் வாங்கினோம்; அவற்றுக்காக ஒன்றும் கேட்கவில்லை என்பது அந்த வரி. இது வழக்கில் நமக்கே விரோதமாகத் திரும்பலாமே என்று சட்டம் படித்த சபை வாலிபர் ஒருவர் எச்சரித்தார். எனக்கும் தயக்கம் இருந்தது. பையன், “உண்மைதானே, பாஸ்டர் ஐயா” என்றான். அந்த வரி அப்படியே போயிற்று.

பதினோராம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. 15,000 ரூபாய் தருகிறேன், பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். முழுத் தொகைக்கும் போராடவேண்டும் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுவே என் எண்ணம். தகப்பனாரோ, “மிச்சம் 4,500 நான் பில் வேண்டாம் என்று சொன்னதற்கு” என்று வாங்கிக்கொண்டார். பணத்தைக் கொடுத்த கடைக்காரர் ஒரு சீட்டில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டார். பையன் அதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கினான்.

மறு ஞாயிறு அவன் ஆராதனைக்கு வந்திருந்தான், தகப்பனாரின் பக்கத்தில் அல்ல, வாலிபர் வரிசையில். அதற்கடுத்த மாதம் அவர்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போனபோது, டி.வி.க்குப் பக்கத்தில் கன்சோல் எதுவும் இல்லை. வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டானா, பிற்பாடு வாங்குவதாக இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியின்மேல் பையனின் கையெழுத்தில் பில் என்று எழுதியிருந்தது. அவன் தாயார் அதைத் திறந்து காட்டினார். கடைக்காரர் கொடுத்த அந்தச் சீட்டின் நகல் அடியில் இருந்தது. அதன்மேல் குக்கர் கேஸ்கட் வாங்கிய 120 ரூபாய்க்கு ஒரு ரசீது.